மையும் காற்றும்: பெங்களூரில் கார்ட்ரிட்ஜ் நிரப்பும் தொழில்

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டை ஒட்டிய பழைய பேட்டைப் பகுதியில், டவுன்ஹாலிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், சதர் பத்ரப்பா சாலை என்னும் நெரிசலான வணிகத் தெரு உள்ளது. ஊர்மக்கள் அதனை எஸ்.பி. ரோடு என்றே அழைக்கின்றனர். இரும்புச் சாமான்களுக்கும் எந்திர உதிரி உறுப்புகளுக்கும் பேர்பெற்றிருந்த அப்பகுதி, பின்னர் மின்னணு உறுப்புகளுக்கும், அதன்பின் கணினிப் பாகங்களுக்கும் பெரிய சந்தையாயிற்று. சென்னையின் ரிச்சி தெருவையும் தில்லியின் நேரு பிளேஸையும் போலவே இங்கும் புதுப்பொருள் விற்பனையோடு பழுதுபார்க்கும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்த கிளைத்தொழில்களுள் ஒன்றுதான், இன்க்ஜெட் பிரிண்டரின் தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜில், அதாவது அச்சுத் தலையோடு சேர்ந்த மைப்பெட்டியில், ஊசி வழியாக மீண்டும் மை நிரப்பித் தருவது. இத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விலையைப் பற்றியே பேசுகின்றனர். புதிய கார்ட்ரிட்ஜ் வாங்க இயலாதவர்கள் பழையதை நிரப்பிக்கொண்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் மை நிரப்புவது ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. நிரப்பிய மை ஒழுகாமல் நிற்கச் செய்வதே கடினமாக இருந்தது. ஆகவே இத்தொழிலின் வரலாற்றை, கசிவை அடக்கக் கற்றுக்கொண்ட வரலாறாக எழுதுவதே பொருத்தமானது.

கசிவின் காரணத்தை அறிய, இக்கருவி எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். மெல்லிய நீர்த்தாரை ஏன் துளிகளாக உடைகிறது என்பதை இங்கிலாந்தின் ராலே பிரபு 1878இல் கணித முறையில் விளக்கினார். அந்த அறிவைக் கொண்டு, தாளில் மையைப் பீய்ச்சி இதயத்துடிப்பு போன்ற அலைகளைப் பதிவுசெய்யும் கருவிக்கு, சுவீடன் நாட்டின் ரூனே எல்ம்க்விஸ்ட் 1951இல் காப்புரிமை பெற்றார்; உடலுக்குள் பொருத்தப்படும் முதல் இதயமுடுக்கியை 1958இல் உருவாக்கியவரும் அவரே. வீட்டு மேசைக்கு வந்த இன்க்ஜெட்டுக்கோ வேறொரு தொடக்கம் உண்டு. 1977இல் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ, மை நிறைந்த சிரிஞ்சின் ஊசியில் சூடான பற்றவைப்புக் கோல் தற்செயலாகப் பட்டபோது ஊசிமுனையிலிருந்து மை தெறித்ததைக் கண்டார். வெப்பத்தால் மையில் ஒரு குமிழி தோன்றி, அக்குமிழி மையை வெளியே தள்ளியிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் ஜான் வாட் என்பவரும் தனி வழியில் இதே கொள்கையை அடைந்தார். அந்நிறுவனத்தின் திங்க்ஜெட் 1984இலும் டெஸ்க்ஜெட் 1988இலும் சந்தைக்கு வந்தன. ஜப்பானின் எப்சன் நிறுவனம் வெப்பத்தைக் கைவிட்டு, மின்னழுத்தம் பட்டால் உருமாறும் படிகத்தைக் கொண்டு மையைத் தள்ளும் முறையைத் தேர்ந்தது. கண்டுபிடிப்பின் முதல் நொடியில் இருந்த சிரிஞ்சு, பின்னாளில் பெங்களூர்க் கடைகளின் முதன்மைக் கருவியாகவும் அமைந்தது தற்செயலே என்றாலும் குறிப்பிடத்தக்கது.

வெப்ப முறையில் எழுத்தை உருவாக்கும் அச்சுத்தலை, தலைமயிரின் தடிமனைவிடக் குறைந்த விட்டமுள்ள பல துளைகளைக் கொண்டது. தொழிலில் இவற்றை நாசில் என்பர். துளைகள் கீழ்நோக்கித் திறந்திருக்க, அவற்றுக்கு நேர் மேலே மை நிற்கிறது. அப்படியிருந்தும் மை தானாக விழுவதில்லை. பெட்டியினுள் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவான அழுத்தம் எப்போதும் பேணப்படுவதே அதற்குக் காரணம். இந்தக் குறைவழுத்தம் சில சென்டிமீட்டர் உயர நீரின் எடைக்கு ஈடான சிற்றளவே. அது நீங்கினால் மை சொட்டும், அளவுக்கு மீறினால் மை துளைக்கு வராமல் எழுத்து மங்கும். அதைப் பேண நிறுவனங்கள் பல உத்திகளைக் கையாண்டன. ஒன்று, நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் பஞ்சில் மையை ஊறவைத்து, பஞ்சின் உறிஞ்சுவிசையாலேயே அதனைப் பிடித்து வைப்பது. மற்றொன்று, மென்தகட்டுப் பைக்குள் வில் ஒன்றை வைத்து, பை சுருங்கிவிடாமல் உள்ளிருந்து விரித்துப் பிடிப்பது. பஞ்சு முறையில் மை குறையக் குறைய அதனிடத்தைக் காற்று நிரப்ப வேண்டும் என்பதால், மூடியின் மேல் பாம்புபோல் வளைந்து செல்லும் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டப்பட்டு, அதன்மேல் லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். லேபிளுக்கு அடியிலுள்ள அந்த வளைவுப் பாதையே கார்ட்ரிட்ஜின் மூச்சுக்குழல்; காற்றை மெல்ல உள்ளே விடுவதும், மை ஆவியாகி வெளியேறாமல் தடுப்பதும் அதன் பணிகள்.

மையைக் காற்றால் ஆளும் இச்சிக்கல் இன்க்ஜெட்டோடு பிறந்ததன்று. லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனா, மை வெளியேறும் அளவுக்கே காற்று உள்ளே செல்லும்படியான நுண்பள்ளங்களைக் கொண்டிருந்ததாலேயே வெற்றிபெற்றது. பாதிக்குமேல் காலியான பேனா கைச்சூட்டில் மை கக்குவதையும், சட்டைப்பையில் நீலக்கறை படிவதையும் இந்தியப் பள்ளிகளில் பயின்ற தலைமுறைகள் நன்கு அறிந்திருந்தன. உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து மையைத் தள்ளுகிறது. மை குறைந்து காற்று மிகுந்திருக்கும்போதுதான் தொல்லையும் மிகுதியாகிறது. பெட்டிக்கடையில் புட்டியிலிருந்து பேனாவுக்குச் சில்லறைக் காசுக்கு மை ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்த நாட்டில், தீர்ந்த மைப்பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்ற கோரிக்கை இயல்பானதாகத் தோன்றாததில் வியப்பில்லை.

பெங்களூருக்கு இத்தொழில் ஏன் எளிதாகக் கைவந்தது என்பதற்கு நகரின் முந்தைய தொழில் வரலாற்றில் விடை உள்ளது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் முன்னோடி நிறுவனம் 1940இலும், இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், எச்.எம்.டி. 1953இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954இலும் இங்கே நிறுவப்பட்டன. நுட்ப வேலையில் தேர்ந்த கைகளும், அவற்றை நம்பி வாழ்ந்த சிறு பட்டறைகளும் நகரெங்கும் பெருகின. அச்சுப்பொறித் தொழிலும் அண்மையிலேயே இருந்தது. டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை தும்கூரில் இயங்கியது. பெங்களூரின் விப்ரோ நிறுவனம் தயாரித்துவந்த அச்சுப்பொறிகள், 2000ஆம் ஆண்டில் அத்துறை தனியாகப் பிரிந்தபின் வெப் என்ற பெயரில் தொடர்ந்தன. இவை டாட் மேட்ரிக்ஸ் வகையைச் சேர்ந்தவை. மை தோய்ந்த துணி ரிப்பனை ஊசிகள் தட்டி எழுத்தை உருவாக்கும் வகை. எழுத்து மங்கினால் பெட்டியை வைத்துக்கொண்டு ரிப்பனை மட்டும் மாற்றுவதும், பழைய ரிப்பனுக்கே மீண்டும் மையூட்டுவதும் அலுவலகங்களில் சாதாரண வழக்கங்களாக இருந்தன. கார்ட்ரிட்ஜை நிரப்ப முன்வந்தவர்களுக்கு இவ்வழக்கம் முன்னரே பாதை போட்டிருந்தது. ஆனால் ரிப்பனில் கசிவு என்ற கேள்வியே இல்லை; ரிப்பன் கற்றுத்தந்த அனுபவம் இன்க்ஜெட்டின் முன் வந்து பயனற்று நின்றது.

1990களின் பிற்பகுதியில் இன்க்ஜெட் பிரிண்டர் நடுத்தர வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வந்தது. அவென்யூ சாலையின் புத்தக, தாள் வணிகமும், சுல்தான்பேட்டையின் திருமண அழைப்பிதழ் அச்சுத்தொழிலும் நெடுங்காலமாக நிலைபெற்றிருந்த நகரில், கணினியில் பக்கம் வடிவமைக்கும் டி.டி.பி. கூடங்கள் பெருகியிருந்தன, வண்ண மாதிரியை வாடிக்கையாளருக்குக் காட்ட அவற்றுக்கு இன்க்ஜெட்டே மலிவான வழி. 1998இல் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டு மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. இறுதியாண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் வண்ணப் படங்கள் இடம்பெறத் தொடங்கியதும், கல்லூரி வாசல்களை ஒட்டிய ஜெராக்ஸ் கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் இன்க்ஜெட்டை வாங்கி வைத்தன. பிரிண்டர் விலை ஆண்டுக்காண்டு இறங்க, கார்ட்ரிட்ஜ் விலை இறங்கவில்லை. கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து மையில் வருவாய் ஈட்டும் இந்த வணிகமுறை உலகெங்கும் ஒன்றுபோல் இருந்தாலும், மாத வருமானத்தின் கணக்கில் அதன் சுமை இங்கே மிகக் கூடுதலாக உணரப்பட்டது.

நிரப்புவது சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களில் எழுந்தது. ஸ்டென்சில் தாள் செய்யும் தொழிலின் பெயரைத் தாங்கிய ரிப்பீட்-ஓ-டைப் என்ற நிறுவனம், புதிய ஹியூலெட்-பேக்கார்டு கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, மீண்டும் நிரப்பத்தக்கவாறு மாற்றி விற்றது. அதன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கில், விற்ற பொருளை வாங்கியவர் மாற்றிக்கொள்வது காப்புரிமை மீறலாகாது என்று 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், லெக்ஸ்மார்க் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பொருளை விற்றதோடு காப்புரிமையாளரின் உரிமை தீர்ந்துவிடுகிறது என்று உறுதிசெய்தது. எஸ்.பி. ரோட்டின் கடைக்காரர்கள் இத்தீர்ப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய வழக்கு வாடிக்கையாளரின் மேசையில் நடந்தது. நிரப்பித் தந்த கார்ட்ரிட்ஜ் மறுநாள் காலையில் பிரிண்டரின் உட்புறத்தையும் வைத்திருந்த தாள்களையும் நனைத்திருந்தால் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே அமைந்தது.

கசிவுக்கான முதற்காரணம் அளவுக்கு மீறி நிரப்புவது. ஹியூலெட்-பேக்கார்டின் 56, 27, 21 ஆகிய எண்களைக் கொண்ட கறுப்பு கார்ட்ரிட்ஜ்கள் வெளித்தோற்றத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஆலையிலிருந்து முறையே 19, 10, 5 மில்லிலிட்டர் மையோடு வந்தன. பெட்டியின் உருவைப் பார்த்து மையளவைத் தீர்மானித்தவர், 5 மில்லிலிட்டருக்கு வந்ததில் 15 மில்லிலிட்டரை ஏற்றினார். பஞ்சின் நுண்துளைகளில் காற்றிருக்கும்வரைதான் அதற்கு உறிஞ்சுவிசை உண்டு; முற்றிலும் நனைந்த பஞ்சு மையைப் பிடித்து வைக்காது, மேலும் ஒரு துளி சேர்ந்தால் கீழே ஒரு துளி விழும். இதனை உணர்ந்த கைகள் எப்போதும் சற்றுக் குறைவாகவே நிரப்பின. மேல்துளையில் மை மின்னுவது தெரிந்தால் நிறுத்துவதும், தெரிந்த மையைச் சிரிஞ்சால் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் திரும்ப உறிஞ்சி எடுப்பதும் வழக்கமாயின. நிரப்பியதைவிட, நிரப்பியதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுப்பதுதான் கசிவை நிறுத்தியது என்பது புதியவர்களுக்கு எளிதில் விளங்காத உண்மை.

வேகமும் ஒரு காரணம். சிரிஞ்சின் தண்டை ஒரே அழுத்தாக அழுத்தினால் பஞ்சின் அடியில் காற்று சிறைப்படும். மேற்பகுதி நனைந்து வழிய, அடிப்பகுதி வறண்டிருக்கும். மேலே நின்ற மை சில மணிநேரம் கழித்துத் திடீரெனக் கீழிறங்கும்போது, கடையில் சரியாக இருந்த கார்ட்ரிட்ஜ் வீட்டில் ஒழுகும். ஆகவே ஊசியைப் பஞ்சின் அடிவரை மெல்லச் செலுத்தி, அடியிலிருந்து மையேற்றிக் காற்றை மேல்நோக்கி வெளியேற்றுவதே முறை. ஆனால் அடியில் ஒரு நுண்வலை உண்டு. பஞ்சின் துகளும் தூசியும் நாசிலுக்குச் செல்லாமல் தடுக்கும் வலை அது. ஊசி அதைத் துளைத்துவிட்டால் கார்ட்ரிட்ஜ் அதோடு முடிந்தது. பஞ்சின் ஆழத்தைக் கையாலேயே உணர்ந்து ஊசியை நிறுத்துவது, இத்தொழிலில் பார்த்துப் பழகி மட்டுமே கற்கத்தக்க திறன்.

மிகப் பரவலான பிழையோ மூடியில் நிகழ்ந்தது. நிரப்புவதற்காக லேபிளை உரித்தெடுத்தவர், பின்னர் கசியக்கூடாது என்ற கவலையில் மூடி முழுவதையும் செல்லோடேப்பால் இறுக ஒட்டினார்; சிலர் துளைகளில் ஃபெவிக்விக் விட்டனர், சிலர் எம்-சீல் பூசினர். கசிவைத் தண்ணீர்க் குழாயின் கசிவாக எண்ணியதன் விளைவு அது. மூச்சுக்குழல் அடைபட்டதும் காற்று உள்ளே செல்ல வழியின்றி, முதல் சில வரிகளுக்குப்பின் எழுத்து மங்கியது. மை இருந்தும் அச்சு வரவில்லை. பின்னர் வெயில் ஏறி அறை சூடானபோது, உள்ளே சிறைப்பட்ட காற்று விரிந்து, வெளியேற வேறு வழி காணாமல் நாசில் வழியாகவே மையைத் தள்ளியது. ஒட்ட ஒட்ட ஒழுகிற்று. பழைய லேபிளைக் கிழியாமல் உரித்து, அதே இடத்தில், வளைவுப் பள்ளத்தின் முனை மட்டும் திறந்திருக்குமாறு மீண்டும் ஒட்டுவதே தீர்வு என்பதைக் கண்டறிந்தவர்கள் யாரென்று எந்த ஏடும் பதிவுசெய்யவில்லை. ஆனால் அந்த ஓர் அறிவு பரவிய பிறகே நிரப்பிய கார்ட்ரிட்ஜ் நம்பத்தக்க பொருளாயிற்று.

பஞ்சில்லாத வகைகளுக்கு முறை நேர்மாறானது. 42 மில்லிலிட்டர் கொண்ட ஹியூலெட்-பேக்கார்டு 45 போன்ற வில்லுப்பை வகையில், மைப்பைக்குள் காற்று புகுந்தாலே குறைவழுத்தம் அழிந்து மை கொட்டும். அங்கே மூடுவதே மருந்து. துளையை இறுக மூடியபின், சிரிஞ்சால் சிறிதளவு மையை வெளியே இழுத்து, பையின் இழுவிசையை மீட்டெடுக்க வேண்டும். கேனனின் சில மைப்பெட்டிகளில் இரண்டு அறைகள் உண்டு: ஒன்றில் பஞ்சு, மற்றொன்றில் வெறும் மை. வெறும் மை அறைக்கு நிரப்பத் துளையிட்டவர் அத்துளையைக் காற்றுப்புகாமல் அடைக்காவிட்டால், மை முழுவதும் பஞ்சறைக்குப் பாய்ந்து காற்றுத்துளை வழியே வழியும். ஒரு வகைக்கு உயிர் தருவது மற்றொரு வகைக்கு நோயாவதால், கார்ட்ரிட்ஜின் எண்ணைக் கேட்டபின்பே சிரிஞ்சைக் கையிலெடுப்பது தேர்ந்தவர்களின் ஒழுங்காக இருந்தது.

வண்ண கார்ட்ரிட்ஜ் தனிக்கதை. ஒரே பெட்டியில் மஞ்சள், நீலப்பச்சை, கருஞ்சிவப்பு ஆகிய மூன்று மைகள் மூன்று அறைகளில் இருக்க, எந்தத் துளை எந்த அறைக்கு உரியது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். பல்குச்சியைத் துளையினுள் விட்டு நுனியில் படியும் நிறத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது எளிய வழி. ஓர் அறை அளவுக்கு மீறி நிரம்பினால் மை அடுத்த அறைக்குத் தாவி, மஞ்சள் பச்சையாகும். இக்கசிவு வெளியே தெரியாது, அச்சிட்ட படத்தில்தான் தெரியும். நிரப்பியபின் கார்ட்ரிட்ஜை மடித்த டிஷ்யூ தாளின்மேல் ஒற்றி, மூன்று நிறக்கோடுகளும் கலவாமல் தனித்தனியே விழும்வரை காத்திருப்பது கடைகளில் கடைசிச் சோதனை. பக்கவாட்டிலுள்ள செம்புத் தொடுபுள்ளிகளில் மை படிந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து அச்சுத்தலையே கெட்டுவிடும் என்பதால், அவற்றைக் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து உலர்த்துவதும் அச்சோதனையின் ஒரு பகுதி.

மையின் தரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்பு மை பல மாதிரிகளில் நிறமித்துகள் மிதக்கும் வகை. வண்ண மைகள் நீரில் கரைந்த சாய வகை. தாளில் விரைவாக ஊறுவதற்காகச் சாய மையின் பரப்பு இழுவிசை குறைவாக வைக்கப்படும். மலிவு கருதி நிறமி மைக்குரிய கார்ட்ரிட்ஜில் சாயக் கறுப்பை ஏற்றினால், நாசிலின் விளிம்பில் நின்றிருக்க வேண்டிய மை பரவி வழியும். எல்லாப் பிரிண்டருக்கும் பொருந்தும் என்ற உறுதியோடு விற்கப்பட்ட மைகளால் விளைந்த கசிவுக்கு, நிரப்பியவரின் கை குறைசொல்லப்பட்டது நியாயமன்று.

பெங்களூருக்கே உரிய இயற்கைக் காரணம் ஒன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த இந்நகரில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் காற்று அடைபட்டு மூடப்பட்ட மைப்பெட்டி இங்கு வந்து சேரும்போது, உள்ளிருக்கும் காற்று அந்த அளவுக்கு விரிய முயலும். விமானத்திலும் மலைப்பாதையிலும் செல்லும் சரக்கு ஒழுகாதிருக்க வேண்டும் என்பதாலேயே நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவில் ஒரு பகுதியை வெற்றிடமாக விட்டன, நாசிலின்மேல் நாடாவை ஒட்டின, பாதுகாப்புக் கவ்வியை மாட்டின. நிரப்புவோர் அந்த வெற்றிடத்தை வீணான இடமென்று கருதி மையால் நிரப்பினர். நாடாவையும் கவ்வியையும் குப்பையில் எறிந்தனர். கவ்வியைச் சேர்த்து வைத்து, நிரப்பிய கார்ட்ரிட்ஜை அதில் மாட்டியே வாடிக்கையாளருக்குத் தந்த கடைகள் நல்ல பெயர் பெற்றதற்கு இந்த இயற்பியல்தான் காரணம்.

இவ்வறிவு கடைகளிலிருந்து வீடுகளுக்குச் சென்ற விதம் கவனிக்கத்தக்கது. நான்கு சிறு மைப்புட்டிகள், சிரிஞ்சுகள், துளையிடும் கைக்கருவி, ரப்பர் அடைப்பான் ஆகியவை அடங்கிய நிரப்புப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றிலிருந்த அச்சிட்ட குறிப்புகள் எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதைச் சொல்லின, கசிந்தால் ஏன் கசிகிறது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது கடையின் முகப்புமேசை. கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகள் புழங்கும் பேட்டைப் பகுதிக் கடைகளில், மைப்புட்டியை மட்டும் வாங்க வந்தவர் தம் கார்ட்ரிட்ஜின் தொல்லையைச் சொல்ல, கடைக்காரர் லேபிளைத் தூக்கிக் காட்டி விளக்கினார். மருந்துக்கடையில் கிடைத்த 5 மில்லிலிட்டர் சிரிஞ்சும், பழைய செய்தித்தாளும், டிஷ்யூ சுருளும் கொண்டு மாணவர்களும் வீட்டிலிருந்து தட்டச்சு வேலை செய்தோரும் இதைக் கற்றுக்கொண்டனர். எழுதப்படாமல் கையிலிருந்து கைக்குச் சென்ற இத்தகைய அறிவு தொழில்நுட்ப நகரம் என்ற பெருமிதத்தின் கணக்கில் சேர்க்கப்படாதது ஒரு குறையே. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கு வந்ததைப் பதிவுசெய்யும் நூல்கள், அதே நகரில் காற்றழுத்தத்தைச் சிரிஞ்சால் அளந்தவர்களையும் பதிவுசெய்திருக்க வேண்டும்.

அடுத்த கட்டம் குழாய்களின் காலம். கார்ட்ரிட்ஜைத் திரும்பத் திரும்பக் கழற்றி நிரப்புவதற்குப் பதிலாக, பிரிண்டருக்கு வெளியே மைத்தொட்டிகளை வைத்து, மெல்லிய குழாய்கள் வழியாகத் தொடர்ந்து மை ஊட்டும் அமைப்பு 2000களில் ஒளிப்படக் கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பரவியது. தொழிலில் அதன் பெயர் சி.ஐ.எஸ்.எஸ். தொட்டியில் பெரிய அறையும் சிறிய அறையுமாக இரண்டு பகுதிகள் இருக்கும். பெரிய அறையின் அடைப்பான் எப்போதும் மூடியிருக்க, சிறிய அறையின் காற்றுத்துளை மட்டும் திறந்திருக்கும். இதன் அடிப்படை, 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட்டின் பெயரால் வழங்கும் குப்பியின் அடிப்படையே: மூடிய கலத்தில் காற்று ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் மட்டும் நுழைந்தால், உள்ளே மை எவ்வளவு இருந்தாலும் வெளியேறும் அழுத்தம் மாறாது. மை ஊற்றியவர் பெரிய அறையின் அடைப்பானை மூட மறந்தால், சிறிய அறையில் மை எழும்பி மேசையில் வழியும். தொட்டியை இடநெருக்கடிக்காகப் பிரிண்டரின் தலைமேல் வைத்தால், நாசிலைவிட மைமட்டம் உயர்ந்து, இரவோடிரவாகத் தொட்டி முழுவதும் பிரிண்டருக்குள் இறங்கும். பிரிண்டரும் தொட்டியும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும் என்ற விதி, நனைந்து கெட்ட பல எந்திரங்களின் விலையில் கற்கப்பட்டது.

நிறுவனங்கள் இதனை முதலில் எதிர்த்தன. கார்ட்ரிட்ஜில் சிப் பதித்து மை அளவைக் கணக்கிட்டன, பிறர் மையை ஏற்க மறுத்தன. பிறகு எப்சன் நிறுவனம் தெருவின் உத்தியையே தன் ஆலைக்குள் கொண்டுசென்றது. தொட்டி இணைந்த எல் வரிசைப் பிரிண்டர்கள் 2010 அக்டோபரில் இந்தோனேசியாவில் அறிமுகமாகி, 2011இல் இந்தியாவுக்கு வந்தன. அந்நிறுவனத்தின் இந்தியக் கிளை 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவருவதும், அதன் தலைமையகம் பெங்களூரிலேயே இருப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை. பிரிண்டரை இடம் மாற்றும்போது மையோட்டத்தை நிறுத்தும் திருகு அதில் ஆலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது, சி.ஐ.எஸ்.எஸ். வைத்திருந்தோர் குழாயைக் கவ்வியால் நெரித்துச் செய்துவந்த வேலையே அது. கேனன், ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனங்களும் சில ஆண்டுகளில் தொட்டி வகைக்கு வந்து சேர்ந்தன. புட்டியிலிருந்து மை ஊற்றுவது குற்றம்போல் கருதப்பட்ட நிலை மாறி, பயனர் கையேட்டிலேயே இடம்பெற்ற செயலாயிற்று.

கார்ட்ரிட்ஜ் வகை இதனால் மறைந்துவிடவில்லை. 802, 678, 680, 803 போன்ற சிறு கார்ட்ரிட்ஜ்களைக் கொண்ட மலிவு டெஸ்க்ஜெட்கள் வீடுகளில் தொடர்ந்தன. அவற்றின் பெட்டி முன்னவற்றைவிடச் சிறியது என்பதால், ஒரு மில்லிலிட்டர் மிகுந்தாலும் கசிவு உறுதி. 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கார்ட்ரிட்ஜ் உள்ளிட்ட அச்சுப்பொறிகளைக் கழிவுப் பட்டியலில் சேர்த்து, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்தன. நாட்டின் முதல் அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனங்களுள் ஒன்றான ஈ-பரிசரா 2005இல் பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் தொடங்கப்பட்டிருந்தது. விதிகள் கழிவைச் சேகரிப்பதைப் பற்றியே பேசின. ஒரே பெட்டியைப் பலமுறை நிரப்பி, அது கழிவாவதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட கடைகளுக்கு அவற்றில் தனி இடம் தரப்படவில்லை. எஸ்.பி. ரோட்டின் கடைகளில் இன்று டோனர் தூளும், தொட்டிப் பிரிண்டருக்கான மைப்புட்டிகளும், கழிவு மையை உறிஞ்சும் பஞ்சட்டைகளும் முன்வரிசையில் நிற்கின்றன. நிரப்புவதற்கான சிரிஞ்சுகளும் அவற்றோடு விற்பனையில் உள்ளன.